நாலு டக்கு வைத்த பாவாடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், காத்துக்கருப்பு, தாயத்து, மந்திரிப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இருந்திருந்தால் நான் செய்கிற வேலையைச் செய்திருக்கவே முடியாது. பழைய துணியை வாங்கித்தான் என் பிள்ளைகளுக்குத் தைப்பேன். செத்தவர் சேலையா, இருக்கிறவர் சேலையா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் ஒரு சட்டைகூடத் தைத்து முடிக்க முடியாது. ஜரிகை கறுக்காமல் இருக்கிறதா, இரண்டு கையாலும் இழுத்தால் துணி தாங்குகிறதா, இவ்வளவுதான் பார்ப்பேன். சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் என் மகளைப் பார்த்துவிட்டு இது யார் வீட்டுச் சேலை என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அவர்களே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதே மாதிரி தங்கள் பிள்ளைக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்பார்கள்.

எங்களுக்குச் சின்னமனூர். என் வீட்டுக்காரர் வாழைத்தார் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார், லோடு கேரளாவுக்குப் போகும், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் தெருவுக்கு மொபெட்டில் மைக் கட்டிக்கொண்டு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அண்ணன் ஒருவர் வருவார். தெருவே துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கும், நான் மட்டும் பாத்திரத்தைக் கொடுத்துத் துணி வாங்குவேன். ஒரு நாள் சோறு வடிக்கச் சட்டி இருக்காது, ஆனால் உன் பிள்ளைகள் பட்டு உடுத்திக்கொண்டு பட்டினி கிடப்பார்கள் என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்த அண்ணனும் நல்ல பட்டு ஏதாவது மூட்டையில் விழுந்தால் எனக்கென்று அடியில் ஒதுக்கி வைத்திருப்பார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தர்ஷினி, இளையவன் கவின். தர்ஷினிக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போய்விட்டது, ஆனால் அதற்குப் பிறகு அவள் வளரவில்லை. சும்மா சொல்லவில்லை, நாடா வைத்து அளக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? இடுப்பிலிருந்து கணுக்கால் வரை போன பொங்கலுக்கு என்ன அளவோ அதேதான் இந்தப் பொங்கலுக்கும். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தேனிக்கும் மதுரைக்கும் அலைந்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்றார்கள். தம்பி அவளைத் தாண்டிப் போனான். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் அவனை அண்ணன் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அழுதேன். குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன். அப்புறம் எப்போது என்று தெரியாமல் எல்லாம் மரத்துப்போய்விட்டது. யாராவது இன்னும் வளரலையா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுச் சேதி கேட்பேன். மனதில் ஒன்றும் ஓடாது. அவளுக்குப் பழைய பாவாடை எதுவும் குட்டையாகப் போவதில்லை, புதிது தைக்கவே தேவையில்லை, ஆனாலும் கை சும்மா இருக்காமல் தைத்துக்கொண்டே இருந்தேன். டக்கு வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். டக்கு என்றால், பாவாடையின் கீழ் விளிம்புக்கு மேலே சுற்றிவர ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்துவிடுவது. பிள்ளை வளர வளர அந்தத் தையலைப் பிரித்துவிட்டால் பாவாடை கீழே இறங்கும், துணி வீணாகாது. வளராத பிள்ளைக்கு அது எதற்கு?

அப்படி இருக்கும்போதுதான் பாத்திரக்கார அண்ணன் அந்தப் பாவாடையைக் கொண்டுவந்தார். அரக்கு நிறம், ஒரு சாண் ஜரிகை, அந்தக் காலத்துக் கனமான பட்டுச் சேலை ஒன்றை வெட்டி வீட்டில் தைத்தது. கையால் பிடித்த தையல், பொடிப்பொடியாக, ஒரே சீராக. தைத்தவள் கை எனக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளே நாலு டக்கு, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒரு தரம்கூட யாரும் உடுத்தாத பாவாடை. மஞ்சளும் சூடமும் கலந்து ஒரு வாசனை அடித்தது, பீரோவில் வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தர்ஷினிக்கு வைத்துப் பார்த்தால் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு குத்துச்சட்டியைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போனபோது அதைப் போட்டுவிட்டேன். கூட்டத்தில் நெரிபட்டு, எள்விளக்குப் போட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து பாவாடையைக் காற்றாட உதறினால் ஒரு டக்கைக் காணோம். பழைய நூல், இற்றுப்போயிருக்கும், கூட்டத்தில் யாராவது மிதித்திருப்பார்கள். இதில் என்ன அதிசயம்? மெஷினில் புது நூல் கோத்து அதே இடத்தில் மறுபடியும் பிடித்தேன், இரட்டைத் தையல் போட்டேன். அடுத்த தடவை அவள் உடுத்திக் கழற்றியபோது அதுவும் பிரிந்திருந்தது, அதற்கு மேலே இருந்ததும் பிரிந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், நூல் பிரிந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். பட்டில் ஒரு தடவை ஊசி ஏறினால் அந்த ஓட்டை லேசில் போகாது, மடித்த இடத்தின் கோடும் போகாது, மடிப்புக்குள் இருந்த துணி வெளித்துணியைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் இருக்கும். இதில் ஓட்டை இல்லை. கோடு இல்லை. நான் மெஷினில் போட்ட இரட்டைத் தையலுக்குக்கூடத் தடம் இல்லை. அந்தப் பாவாடை நெய்யும்போதே அந்த நீளத்தில் நெய்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு டக்குப் பிரிந்தால் பாவாடை தரையில் புரள வேண்டும் அல்லவா? தர்ஷினியைக் கூப்பிட்டு உடுத்திவிட்டேன், கணுக்காலில் வந்து சரியாக நின்றது. கழற்றச் சொல்லி அவளை அளந்தேன், பழைய அளவுதான். பாவாடையைத் தரையில் விரித்து அளந்தேன், அவள் அளவைவிட நாலு விரல்கடை நீளம். மறுபடி உடுத்திவிட்டேன், மறுபடியும் கணுக்கால். அவள் பசிக்குது அம்மா என்றாள். தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

பயந்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. சந்தோசமாக இருந்தது. அதை உடுத்திக்கொண்டு அவள் நடந்து போவதைப் பின்னால் நின்று பார்த்தால், அவள் வயதுப் பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தாள். வருடக்கணக்காக மரத்துக் கிடந்த இடத்தில் அது ஒன்றுதான் கொஞ்சம் சுரணையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், உனக்குத் தூக்கம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டு லோடுக்குப் போய்விட்டார். நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளுக்கு அதைப் போட்டுவிட்டேன். ஐப்பசி போய்க் கார்த்திகை வருவதற்குள் நாலு டக்கும் பிரிந்துவிட்டது.

மார்கழியில் பாத்திரக்கார அண்ணன் வந்தார். மைக் போடவில்லை, வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தாயி, அந்த அரக்குப் பாவாடையை என்ன செஞ்ச? சுருளிப்பட்டியில தேடுறாக. அது கன்னிப்பெட்டியில இருந்ததாம். மருமக வெளியூரு, வெவரம் தெரியாம எடுத்து என் மூட்டையில போட்டுருச்சு."

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எங்கள் பக்கம் சில வீடுகளில், கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். தை மாதம் அவளுக்கென்று புதிதாகப் பாவாடை சட்டை எடுத்து ஓலைப்பெட்டிக்குள் வைப்பார்கள். போன வருடம் வைத்ததை வெளியே எடுத்து ஒரு பெண்பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். நடுவில் அந்தத் துணியை யாரும் தொடக்கூடாது. அதைத்தான் நான் என் மகளுக்கு ஆடியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் அதை வெட்டிப் பையனுக்குச் சட்டை தைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தர்ஷினி அதை உடுத்திக்கொண்டே உள்ளே இருந்து வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த வீட்டுக்கு அடையாளம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு, சுருளிப்பட்டிக்குப் போகக் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். பாவாடையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தாள், அதோடேயே கூட்டிப்போனேன். மாற்றுக்கு ஒரு கவுனைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சுருளிப்பட்டியில் அந்த வீடு திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. ராமுத்தாய் என்று ஒரு அக்கா, ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து தர்ஷினிக்கு முன்னால் வந்து நின்றார்.

"நல்லா வளந்துட்ட தாயி," என்றார்.

தலையைத் தடவினார். என் மகளின் தலையை அல்ல. அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில், கை வைத்து வகிட்டிலிருந்து பின்னல் வரை தடவிக்கொடுத்தார். காதோரம் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி விரலை மடக்கினார். தர்ஷினி அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பட்டப்பகல், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கவுனை மாற்றிவிட்டுப் பாவாடையைக் கொடுத்தேன். அவர் மடியில் விரித்து, டக்கு இருந்த இடத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

"பிரிச்சது யாரு?"

"நான் பிரிக்கல அக்கா."

"தெரியும்," என்றார். பாவாடையை மடித்துக்கொண்டே சொன்னார். "செத்தப்ப இருந்த அளவுக்கேதான் தைக்கணும்னு எல்லாரும் சொன்னாக. நானும் வருசா வருசம் அப்படித்தான் தச்சேன். பெத்தவளுக்கு அது எத்தன வருசம் முடியும் ஆத்தா? இந்தத் தடவ யாருக்கும் சொல்லாம நாலு டக்கு வச்சேன்."

அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. நானும் அழவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து மீதி மொச்சையை உரித்தோம். கிளம்பும்போது, இனி வருடா வருடம் தையில் பெட்டியிலிருந்து எடுக்கிற பாவாடை என் மகளுக்குத்தான் என்று சொன்னார். அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை.

அந்தப் பங்குனிக்குள் தர்ஷினியின் பழைய துணியெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மெதுவாக வளர்கிற பிள்ளைகள் ஒரு கட்டத்தில் சடாரென்று வளரும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன். அன்று இராத்திரி கொல்லைப்பக்கம் போய் நின்று வாய்விட்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தையிலும் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு பாவாடை வருகிறது. நான் ஒரு தடவைகூட அளவு சொன்னதில்லை, அவர் கேட்டதும் இல்லை. யோசித்துப் பாருங்கள், அது ஒரு வருடம் பெட்டிக்குள் இருந்துவிட்டு வருகிற பாவாடை. தர்ஷினி அந்த உயரத்துக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே தைத்தது. உடுத்தினால் கணுக்காலில் சரியாக நிற்கும். ஒரு விரல்கடை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இப்போது பன்னிரண்டு வயது, தம்பியைவிட உயரம். வருடா வருடம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் நீளத்தைத்தான் பார்ப்பேன். போன வருடத்தைவிடக் கூட இருந்தால், இன்னொரு வருடத்துக்கு நிம்மதி.

இந்தத் தையிலும் வந்தது. மயில்கழுத்து நிறம். நீளமும் கூடித்தான் இருந்தது. சந்தோசத்தில் அந்த அக்காவுக்குப் போன் போட்டுப் பேசினேன். பேச்சோடு பேச்சாக, அடுத்த வருசத்துக்குப் பெட்டியில என்ன கலர் வச்சீக என்று கேட்டேன்.

"இந்த வருசம் வைக்கல ஆத்தா," என்றார். "அவ வேணாம்னுட்டா."

அந்தக் கன்னிக்குப் பாவாடை கட்டுகிற வயது முடிந்துவிட்டது, அதனால் வேண்டாம் என்றாளா? இல்லை, வேறு எதனாலோ வேண்டாம் என்றாளா? கேட்டால் சொல்லியிருப்பார். சரி அக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தர்ஷினி நேற்று அந்த மயில்கழுத்துப் பாவாடையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த பொங்கலுக்கு எனக்கு என்னம்மா தைப்பே என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.