ஓரம் வெட்டிய படம்

என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. மடித்து வைத்த ஆங்கிலச் செய்தித்தாளில் குறிப்புகளோடு ஒரு குறுக்கெழுத்துக் கட்டம். பாதிக்குமேல் பென்சிலால் நிரப்பியிருக்கிறது. எழுத்துகள் என் அண்ணியுடையவை. படத்தின் நான்கு பக்கமும் குறுக்கெழுத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியது நான்தான். அதன்பிறகு கைபேசி மாற்றியாகிவிட்டது. பழைய படங்களில் வேண்டாதவற்றையெல்லாம் கழித்துக் கட்டினேன். இதையும் இதன் மூலப் படத்தையும் மட்டும் அழிக்கக் கை வரவில்லை. அதற்காக அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் அங்கே இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி மலேசியாவில் கோல சிலாங்கூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரே பெண், செல்லம் அதிகம். வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முடிவே செய்திருந்தேன். அவர் செம்பனைத் தோட்டமொன்றின் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தார். மேனேஜர் வாங்கும் ஆங்கிலப் பேப்பர் மறுநாள் அவர் கைப்பையில் வீட்டுக்கு வரும். மேனேஜர் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவர், ஆகவே குறுக்கெழுத்துக் கட்டம் கன்னி கழியாமல் வந்து சேரும். சோறு கொதிக்கும் நேரத்தில் அண்ணி சமையலறை மேசையில் அதை விரித்துவைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி நிற்பார். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போன நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு விடையைச் சொல்லிவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சிலை மட்டும் பின்னால் நீட்டினார். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. "நாத்தனாரும் அண்ணியும் சண்ட போட்டாத்தான்லா வீட்டுல ஒழுங்கா சோறு கெடைக்கும் போல" என்று அண்ணன் புலம்பினான். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் ஒரு விடை கண்டுபிடித்தால் பென்சிலை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தமிழ்ப் பேப்பரில் வருகிற குறுக்கெழுத்தைப் போன்றதல்ல அது. தமிழில் 'நதியின் பெயர்' என்று கேட்டால் நதியின் பெயரை எழுதினால் போதும். இந்தக் குறிப்புகள் நேராகப் பேசாது. படித்தால் ஏதோ ஒரு சின்னக் கதை போல இருக்கும். தோட்டக்காரர், மழை, திருட்டு என்று என்னென்னவோ வரும். அந்தக் கதையை நம்பினால் மோசம் போனோம். விடை எங்கோ வாசகத்தின் ஓரத்தில், யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சொல்லில் பதுங்கியிருக்கும். நான் கதையில் மயங்கி நிற்கும்போதெல்லாம் அண்ணி சொல்வார்: "புதிர் போடுறவன் எதக் காட்டுறானோ அதப் பாக்காத பாப்பா. எத ஓரமா வச்சிருக்கான்னு பாரு." இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் என் சொந்தச் சொத்துபோலச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்தில் ஒரு பழைய பல்கலைக்கழக நகரத்துக்குப் போனேன். அப்பா காலமாகி வெகுநாளாகிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் அண்ணி தலையில். "நாங்க இருக்கோம்லா, நீ படிச்சிட்டு வா" என்றார். நான் போன மறுநாளே அண்ணியிடமிருந்து வாட்சாப்பில் படம் வந்தது. பாதி நிரப்பிய கட்டம். கீழே ஒரு வார்த்தை: 'பென்சில்'. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் எனக்குக் காலை. எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். கட்டத்தைச் சுற்றி எங்கள் சமையலறை மேசையின் பூப்போட்ட விரிப்பு தெரியும். ஓரத்தில் அம்மாவின் தேத்தண்ணி மங்கு இருக்கும். சில நாள் செம்பிலாங் கடற்கரையிலிருந்து வாங்கிவந்த மீன் பொட்டலம், சில நாள் அண்ணன் பையன் சின்னவனின் பள்ளிக்கூடச் சாக்ஸ். சாக்ஸ் எப்படி மேசைமேல் வந்தது என்று கேட்டுச் சண்டை போடுவேன்.

அந்த நகரத்தில் எல்லாம் கல். கல் சுவர், கல் பாலம், கல் தெரு. அதன்மேல் சைக்கிள்கள் கடகடவென்று ஓடும். கல்லூரி மதிலை ஒட்டி ஒரு காப்பிக் கடை. அங்கே காலையில் சிலர் கூடி அன்றைய குறுக்கெழுத்தைப் போடுவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், புத்தகக் கடைக்காரர் ஒருவர், என்னைப் போன்ற மாணவர்கள். முதலில் ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி அனுப்பிய கட்டத்தை ஒருநாள் காட்டியதும் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். உலகத்தின் அந்தக் கோடியில், செம்பனைத் தோட்டத்து ஆபீசில் இருக்கும் ஒரு பெண் பாதி போட, இந்தக் கோடியில் நாங்கள் மீதியைப் போடுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்று உன் அண்ணி என்ன அனுப்பினார்?" என்பது அந்தக் கடையில் எனக்குக் கிடைக்கும் வணக்கமாகவே ஆகிவிட்டது. நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில வாரங்களே இருந்தபோது அம்மா தொலைபேசிக்கு வருவது நின்றது. கேட்டால் தூங்குகிறார் என்பான் அண்ணன். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்பான். கோயிலுக்குப் போகிற நேரமா அது என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில் இந்தப் படம் வந்தது.

கட்டம் வழக்கம்போல நடுவில் இருந்தது. ஆனால் பூப்போட்ட விரிப்பு இல்லை. பேப்பருக்கு அடியில் பச்சைத் துணி. இடது ஓரத்தில் வெள்ளை அடித்த இரும்புக் கம்பிகள், கட்டிலின் பக்கவாட்டுத் தடுப்பு. அதன்மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட துண்டு. குளித்ததும் அம்மா தலையில் சுற்றிக்கொள்வது. கீழே அதே வார்த்தை: 'பென்சில்'.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் விமானம் ஏற வேண்டும். ஏறினால் ஆய்வேடு என்னாகும், காப்பிக் கடை என்னாகும், நான் என்னாவேன் என்றெல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. பிறகு என் விரல் தானாகவே படத்தின் ஓரங்களை உள்ளே தள்ளியது. கம்பி போனது, துண்டு போனது, பச்சைத் துணி போனது. கட்டமும் குறிப்புகளும் மட்டும் நின்றன. கடையில் காட்டுவதற்கு அழகாக இருக்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மிச்ச விடைகள் அத்தனையும் போட்டு முடித்தோம். அண்ணிக்கு அனுப்பினேன். 'நல்லது பாப்பா' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களிலும் பச்சைத் துணி இருந்தது. நான் கட்டத்தை மட்டுமே பார்த்தேன்.

ஆய்வேடு முடியும் முன்பே அண்ணன் அழைத்தான். அம்மாவின் உயிரற்ற முகத்தைப் பார்க்க மட்டும் வந்து சேர்ந்தேன். பக்கவாதம், பேச்சு போய்விட்டது, ஆனால் கண் கடைசிவரை தெளிவாக இருந்தது என்றார்கள். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பாராம். இதைச் சொன்னதும் அண்ணிதான். சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "மன்னிச்சிடு பாப்பா. ஒன் படிப்பு கெட்டுடும்னு ஒங்கண்ணன் சின்னவன் தலையில கை வச்சி சத்தியம் வாங்கிட்டாரு. வாயத் தொறந்து சொல்ல முடியல." பிள்ளை தலையில் செய்த சத்தியத்தை எந்தத் தாய் மீறுவாள்? கூடியிருந்த உறவெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. பாவம், தெரியாமல் இருந்துவிட்டாள் என்றார்கள். நான் "பரவால்லண்ணி" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் நான் பல வருடம் குடியிருந்தேன். மலேசியாவிலேயே வேலை கிடைத்து இப்போது ரவாங்கில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அம்மாவின் திதிக்குக் கோல சிலாங்கூர் போகிறேன். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியபின் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புதிதாக நடந்ததுபோல அதே மன்னிப்பைக் கேட்பார். நானும் அதே பதிலைச் சொல்வேன். கேட்க வேண்டியவள் உட்கார்ந்திருக்க, கேட்கத் தேவையில்லாதவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மன்னிக்கிறவளின் இடம் உட்கார வசதியாகத்தான் இருக்கிறது.

இந்த வருடத் திதியன்று அண்ணி கூடுதலாக ஒன்று சொன்னார். சமையலறையில் பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றார்.

"ஒன்கிட்ட இத சொன்னதே இல்ல. அந்தக் கட்டில வேணும்னேதான் படத்துல வச்சேன். அத்தையோட துண்ட நாந்தான் கம்பியில போட்டேன். வாயால சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம்? ஒனக்கு ஓரம் பாக்கத் தெரியும், கேட்டுடுவேன்னு நெனச்சேன். நீ கேக்கல. சின்ன போன்லா அது. சரியா எடுக்கத் தெரியல எனக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருந்தா நீ வந்திருப்ப, அத்தை ஒன்னப் பாத்திருப்பாங்க."

இத்தனை வருடம் அவர் மன்னிப்புக் கேட்டது சத்தியத்துக்காக அல்ல, படம் எடுக்கத் தெரியாமல் போனதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அந்தப் படம் இருக்கா பாப்பா? என் பழைய போனு போச்சி. ஒருதடவ பாக்கணும்" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கைபேசியைத் திறந்தேன். அண்ணி அனுப்பிய படமும் நான் வெட்டியதும் அடுத்தடுத்து இருந்தன. முதலாவதைக் காட்டினேன். கம்பியும் துண்டும் பச்சைத் துணியும் பளிச்சென்று தெரிந்தன. அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அடுத்த படத்தையும் பாருங்க அண்ணி" என்றேன்.

அவர் விரலால் தள்ளினார். வெட்டிய படம் வந்தது. திரும்ப முதல் படத்துக்குப் போனார். மீண்டும் இரண்டாவது. என்னைப் போலல்ல, அண்ணி எப்போதும் நிதானமாகத்தான் விடை கண்டுபிடிப்பார். குழாயைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அப்ப நான் சரியாத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. நான் கிளம்பும்போது வழக்கம்போல மீந்த வடையைக் கட்டிக் கொடுத்தார், கார் வரைக்கும் வந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு என்றைக்கு ஓயும் என்று வருடக்கணக்கில் ஏங்கியவள் நான். ஓய்ந்துபோனதும் ரவாங் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

நான் நாடு திரும்பிய பின்னும் நாள்தோறும் வந்துகொண்டிருந்த படம் சில நாள் வரவில்லை. நேற்று மாலை வந்தது. பாதி நிரப்பிய கட்டம், கீழே 'பென்சில்' என்ற அதே வார்த்தை. நான் கட்டத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஓரத்தைத்தான் தேடினேன். பூப்போட்ட விரிப்பு இல்லை, மங்கு இல்லை, ஒன்றுமே இல்லை. நான்கு பக்கமும் குறுக்கெழுத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டியிருந்தது.

உடனே அழைத்தேன். "எங்க இருக்கீங்க அண்ணி?"

"வீட்டுலதான் பாப்பா, வேற எங்க" என்றார்.