பிரேக்குக்கு நல்லெண்ணெய்

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து பழைய சீமைக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதற்கு என்னைவிட வயது அதிகம். ஹாரனும் கதவும் நன்றாக வேலை செய்தன. ஹேண்ட் பிரேக் மட்டும் பேருக்குத்தான் இருந்தது.

அதனால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. வண்டி எங்கே நின்றாலும், காலடியில் இருக்கும் செங்கல்லை எடுத்துக்கொண்டு நான் குதிக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு அடியில் அதை வைத்த பிறகுதான் அவர் பெடலிலிருந்து காலை எடுப்பார். பட்டுப் புடவை கட்டியிருந்தாலும் இதில் சலுகை கிடையாது. எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருந்தார். "ஏம்மா, உனக்கும் சேர்த்துத்தான் லைசென்ஸ் எடுத்திருக்காரா?" என்று ஒருநாள் வாசலிலேயே கேட்டுவிட்டார். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கைத் தானே சரி செய்யப் போவதாக அன்றைக்கே சொன்னார்.

பின் சக்கரங்களுக்குள் பிறை மாதிரி இரும்புத் துண்டுகள் இருக்கும். அவற்றுக்கு ஷூ என்று பெயர். அவற்றின்மேல் அடித்திருக்கும் பட்டைதான் லைனிங். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அந்தப் பட்டை சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைக் கவ்விப் பிடிக்கும். எங்கள் வண்டியில் பட்டை தேய்ந்து காகிதமாகியிருந்தது. ராயப்பேட்டையில் ஒரு பாய் கடையில் புது லைனிங்கும் அதை ஷூவில் அடிக்கச் செம்பு ரிவெட்டுகளும் வாங்கி வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. என் அம்மிக்கல்தான் பட்டறை. வீட்டில் பதினைந்து நாள் சட்னி கிடையாது. எனக்குக் கோபம்தான், ஆனால் செங்கல்லை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

நாலு ஷூவையும் அடித்து முடித்து, கூடத்து ஜன்னலோரம் பேப்பர் விரித்து அடுக்கிவிட்டு, ஏதோ ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்று வெளியே போனார். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. நான் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அத்தனை பாடுபட்டுச் செய்தது வறவறவென்று காய்ந்து கிடந்தது. இரும்பாயிற்றே, இந்த ஈரத்தில் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. தோசைக்கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் செய்வதை இதற்கும் செய்தேன். ஒரு துணியில் நல்லெண்ணெய் தொட்டு, நாலையும் ஒரு மூலை விடாமல் தடவி, வழியாமல் துடைத்தும் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, இது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. திரும்பி வந்தவர் அந்தப் பளபளப்பைப் பார்த்து, "ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு, பாத்தியா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் செங்கல்லைக் கொல்லையில் எறிந்தார். எதிர்வீட்டு மாமாவை வலியப் போய் அழைத்துப் பின் சீட்டில் உட்கார வைத்தார். நான் வழக்கம்போல் முன் சீட்டில். சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? நேரே கோடம்பாக்கம் மேம்பாலம். பாதி ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தார். கதவைத் திறந்து இறங்கி, ரோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

வண்டி அவர் மரியாதைக்காக நாலைந்து விநாடி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

அவர் கையை விரித்தபடியே சின்னதாகிக்கொண்டு போனார். அப்புறம்தான் அவருக்கு ஓடத் தோன்றியது. பின்னால் மாமா, இதுவும் அவர் காட்டுகிற வித்தையில் ஒன்று என்று நினைத்து நிதானமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. எந்தப் பெடல் எதற்கு என்றும் தெரியாது. குதிக்கலாம் என்றால் கையில் செங்கல் இல்லை. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வருவது தெரிந்தது.

பாலத்தின் ஓரத்தில் இரண்டு பேர் மூட்டை ஏற்றிய கைவண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் வண்டியில் கட்டித் தொங்கிய மரக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து, எங்கள் சக்கரத்துக்குப் பின்னால் சொருகினார். தடக்கென்று ஒரு ஆட்டம் போட்டு கார் நின்றது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த என் கணவரை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பொம்பளைய உள்ள வச்சுட்டு நீ மட்டும் எறங்கிக்கினியே. பஸ் வருது, தெர்ல?"

இவர் அவரைக் கும்பிட்டார். வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கி வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கும்போது மாமா, "ரிவர்ஸ் நல்லா போகுது தம்பி" என்றார்.

மறுநாள் ஷூக்களைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்குக் கிளம்பினார். அப்படியே மயிலாப்பூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இவர் பொட்டலத்தை மேஜைமேல் போட்டு, "டூப்ளிகேட் சரக்கு குடுத்து மனுஷனைக் கொல்லப் பாத்தீங்களே" என்று ஆரம்பித்தார். சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டார். பாயின் முகம் சுருங்கியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. ஒரு ஷூவை எடுத்து விரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார்.

"சார், இது கிரீஸும் இல்ல, பிரேக் ஆயிலும் இல்ல. வூட்ல முறுக்கு எதுனா சுட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்த நல்லெண்ணெய்த் துணி நினைவுக்கு வந்தது. இவருக்கு இன்னும் புரியவில்லை, "விளையாடறீங்களா?" என்று குரலை இன்னொரு படி ஏற்றினார். பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோர் எதிரிலும் பொய்ச் சரக்கு விற்றவர் என்ற பேரோடு அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் எண்ணெய் தடவினேன். துருப்பிடிக்காம இருக்கட்டும்னு" என்றேன்.

ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே போனார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லதுக்குத்தாம்மா பண்ணீங்க. ஆனா இது வழுக்கக் கூடாத சாமான். காஞ்சு இருந்தாத்தான் புடிக்கும்" என்றார். என் கணவர் பாய் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடுங்க பாய். விசாரிக்காம வாய விட்டுட்டேன்" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருவருக்கும் டீ சொன்னார். எண்ணெய் ஊறிய பட்டையை எடுத்துவிட்டு, புது லைனிங்கைத் தானே அடித்துக் கொடுத்தார். நாலாவது ஷூவில் கடைசி ரிவெட்டை என்னை அடிக்கச் சொன்னார், அடித்தேன்.

மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். லஸ் நிறுத்தம் வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு எண்ணெய் தடவின?"

"நாலு கரண்டி இருக்கும்."

"எனக்குத் தீபாவளிக்குக்கூட அவ்வளவு தேய்ச்சதில்லையே" என்றார். அப்புறம் இருவருமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ தப்புகள் செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்ளத் தயங்கியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் சிரிக்காமல் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்த அந்த பாயின் முகம் நினைவுக்கு வரும், சொல்லிவிடுவேன்.