பல்லில் கம்பியோடு செம்பூருக்கு

அறுபத்தைந்து ஜூலையில், மாதுங்கா ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து தாடை எலும்பு முறிந்துபோனது. செம்பூர் பல் டாக்டர் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் எவர்சில்வர் கம்பியால் சேர்த்துக் கட்டினார். வாந்தி வந்தால் மட்டும் கம்பியை நறுக்க ஒரு சின்னக் கத்தரி கொடுத்தார். வேறு எதற்காக நறுக்கினாலும் எலும்பு நகர்ந்து முகம் கோணிவிடும் என்றார்.

பாத்திரம் வாங்கும்போது சோதிக்க அத்தையிடம் ஒரு காந்தத் துண்டு உண்டு; ஒட்டினால் அது எவர்சில்வர் இல்லை. டாக்டர் கட்டும்போது நறுக்கிப் போட்ட கம்பித் துணுக்கை எடுத்து வந்திருந்தாள்; அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

"இரும்புடி இது. துருப் பிடிச்சு ரத்தத்துல கலந்துடும்." என் பல்லோரத்துக் கம்பி நுனியை நகத்தால் நிமிர்த்தி, மடக்கி, மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள்.

டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று பத்தே காலுக்கு மாதுங்காவில் ரயில் ஏறினோம். சயான் தாண்டினால் குர்லா. அங்கே பாலம் ஏறி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். செம்பூர் வண்டியில் கருவாட்டுக் கூடைகள். எனக்குக் குமட்டியது. மூடிய பல்லுக்குள் வாந்தி வந்தால் மூச்சு நின்றுவிடும். அத்தை கத்தரியை எடுத்துவிட்டாள்.

"எப்படியும் இரும்புதானே, நறுக்கிடறேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த தாராவி தோல் வியாபாரி எழுந்தார். "ஜன்னலோரம் உக்காரச் சொல்லுங்கம்மா. புள்ளைக்குக் காத்து வேணும்." மூக்கால் மூச்சு இழுத்து இழுத்து, செம்பூர் வரும்வரை அவள் கையை விடவில்லை.

டாக்டர் துணுக்கைப் பார்த்துச் சிரித்தார். "எவர்சில்வர்தான் மாமி. இழுத்து நீட்டி முறுக்கித்தான் கட்டறோம். அப்படிச் செஞ்சா விறைக்கும், காந்தத்துலயும் லேசா ஒட்டும். துருப் பிடிக்காது."

பிறகு என் வாய்க்குள் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இந்த நுனியை யார் மடக்கினது? மடக்க மடக்க விறைச்சு ஒடிஞ்சுடும். இன்னும் ஒரு தடவை மடக்கியிருந்தா இந்தக் கட்டே விட்டிருக்கும்."

 அந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றினார்.

இப்படிப் பல்லில் கம்பியோடு போகிறவர்கள் ஆபீஸ் கூட்டம் கலைந்தபின் கிளம்புங்கள். ஜன்னலோரம் கிடைக்காத வண்டியை விட்டுவிடுங்கள். கத்தரி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

திரும்பும்போது அத்தை எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டு அவிழ்க்கும் நாளில் முகம் நேராக இருக்குமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.