சேணத்தைக் கண்டு நடுங்கிய குதிரை

அன்று காலை அந்தக் குதிரை நடுங்கியது வலியாலா, பயத்தாலா? சிறுமியாய் அருகில் நின்று பார்த்தவள் நான். எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தும் இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா மருந்தாளராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவரை எல்லோரும் டாக்டரய்யா என்றே அழைத்தார்கள். மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய் நோயாளரைப் பார்ப்பதற்காகத் தோட்டம் அவருக்கு ஒரு குதிரை கொடுத்திருந்தது. குட்டையான, அகன்ற முதுகுள்ள குதிரை. சேணமோ, சீமைக்குத் திரும்பிவிட்ட தோட்டத்துப் பழைய துரை தம்முடைய ஒல்லியான குதிரைக்கென்று செய்வித்தது. போகும்போது தம் கையாலேயே அதை அப்பாவிடம் கொடுத்தார். துரை கொடுத்த பொருள் பொருந்துமா என்று பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சில மாதங்களில் குதிரையின் குணம் மாறியது. வாரை இறுக்கினால் பல்லைக் காட்டியது. ஏற்றத்தில் அசையாமல் நின்றது. அதைப் பராமரித்த குதிரைக்காரருக்கு அது வேடிக்கை.

"தொரையோட சேணமுங்க. அதப் போட்டதும் இதுக்கும் தொரைங்கிற நெனப்பு வந்துருச்சு. ஊசி போடுற ஐயாவ இனிச் சொமக்குமா?"

அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "பாவம், அதுக்கு முதுகு நோகுதாக்கும்" என்று, கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளி ஒன்றை வாங்கி, மடித்துச் சேணத்தின் கீழே வைத்தார். நாளாக ஆக மடிப்புகளும் கூடின. குதிரையோ இன்னும் முரண்டியது. கடைசியில் ஒருநாள் அப்பாவைத் தேயிலைச் செடிகளுக்குள் தள்ளிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட புதிய துரை, வேலைக்கு உதவாத குதிரைக்குத் தீனி எதற்கு, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் சுட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று கம்பளியைத் துவைக்க எடுத்த அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "இஞ்சருங்கோ, இதைத் தொட்டுப் பாருங்கோ." கம்பளி முழுவதும் வியர்வையில் ஊறியிருந்தது. முதுகெலும்பின் இருபுறமும் பட்ட இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. அங்கே வியர்க்கக்கூட முடியாதபடி சேணம் அழுத்தியிருக்கிறது. அப்பா நோயாளரைத் தொடுவதுபோலக் குதிரையின் முதுகில் விரல் வைத்தார். அது வயிறு தாழக் குனிந்து விலகியது. குறுகிய சேணத்தின் அடியில் நாங்கள் அன்பாகத் திணித்த ஒவ்வொரு மடிப்பும் அதன் பிடியை இறுக்கியிருக்கிறது.

அதன்பின் சேணத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா மேற்பிரிவுக்கு நடந்தே போனார். அம்மா உப்புப் போட்ட வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார். குதிரைக்காரர் கேலியை விட்டுவிட்டு, அதை வெறும் முதுகோடு சரிவுகளில் மெல்ல நடத்திக் கூட்டிவந்தார். முதுகு வீக்கம் வடிந்தது. விரல் வைத்தால் விலகுவதும் நின்றது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அகலமான பழைய சேணம் ஒன்றும் கிடைத்தது.

துரை வைத்த தவணை முடியும் தறுவாயில் ஒரு காலை, அந்த அகலமான சேணத்தைக் கண்டதுமே குதிரையின் உடம்பு முழுவதும் நடுங்கியது. அப்பாவின் கைகள் அப்படியே நின்றன. "நோவெண்டால் நிப்பாட்ட வேணும், பயமெண்டால் நடத்த வேணும். எதெண்டு ஆர் சொல்லுறது?" என்றார். சேணம் ஏற்றாவிட்டால் துரையின் துப்பாக்கி. அப்பா சேணத்தை வைத்து ஏறினார். குதிரை நடுங்கிக்கொண்டே மேற்பிரிவுக்குப் போய்த் திரும்பியது. அதன்பின் பல ஆண்டுகள் அவரைச் சுமந்தது. அன்று அதற்கு வலித்ததா என்று மட்டும் அப்பாவால் சாகும்வரை சொல்ல முடியவில்லை.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இளம்பிள்ளை வாதக் காய்ச்சலில் அவளுக்கு ஒரு கால் இளைத்துவிட்டது. கால் நிமிர்ந்து நடக்க ஆஸ்பத்திரியில் இரும்புக் கம்பி பொருத்திய சப்பாத்து கொடுத்திருக்கிறார்கள். "அழுவாள், நீங்கள் இளகக் கூடாது" என்றார் டாக்டர். அதை மாட்டிவிட எடுத்தாலே அழுகிறாள். தோலில் சிவப்பு இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறேன். சில நாள் இருப்பதுபோலத் தெரிகிறது, சில நாள் என் கண்ணே ஏமாற்றுகிறதோ என்று படுகிறது. அவளுக்கு இன்னும் பேச்சுத் தெளியவில்லை. கழற்றினால் அவள் நடையைக் கெடுப்பவள் நானாவேனோ, கழற்றாவிட்டால் அவள் வலியைக் கேளாதவள் ஆவேனோ என்று தினமும் தடுமாறுகிறேன். இப்படிப்பட்ட குழந்தையை வளர்த்த தாய்மார் இதை வாசித்தால், அழுகையில் எது வலி, எது பயம் என்று எப்படிக் கண்டீர்கள் என எனக்கு எழுதுங்கள்.