சிவப்புச் சேலை தெரிகிற கண்ணாடி

சித்தேரிப் பச்சியப்பனுக்கு இளமையில் அப்படியொரு கண். எதிர்மலையில் எறும்பு கொட்டாவி விட்டால் இங்கே இவனுக்குத் தூக்கம் வரும். பொய்யில்லை; அந்த எறும்பைத்தான் நான் பார்த்ததில்லை.

அவன் அக்காள் ராமக்காளை அந்த எதிர்மலையில்தான் கட்டிக்கொடுத்தார்கள். நடுவில் பெரிய பள்ளம். போன மறுநாளே அவள் வீட்டுப் பாறையில் மஞ்சள் சேலையைக் காயப்போட்டாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். சிவப்பு போட்டால் உடனே புறப்பட்டு வரவேண்டும். காலையில் மஞ்சளைப் பார்த்த பிறகுதான் அம்மா அடுப்பு மூட்டுவாள். அம்மா போனாள், அடுப்பும் கேஸ் ஆனது. பாறையில் மஞ்சள் மட்டும் மாறவில்லை.

அக்காள் வீட்டுப் பக்கம் செல்போனுக்கு இன்னும் டவர் இல்லை. பச்சியப்பனுக்கோ கண் மங்கி, சேலை தெரிந்தது, நிறம் தெரியவில்லை. அக்காள் சிவப்பைப் போட்டுவிட்டுக் காத்துக்கிடந்தால்? சாமையை விற்ற கையோடு தருமபுரிக்கு பஸ் ஏறினான்.

கண்ணாடிக்கடை நூர் பாஷா இருப்பதிலேயே பெரிய பைனாகுலரை எடுத்தார். அதன் முன்கண்ணாடி மாதுளை முத்துப் போல மின்னியது.

“இதுல பாத்தா வத்தல்மலை உங்க மடியில வந்து உக்காரும் பெரியவரே.”

மாடிக்குப் போய்ப் பார்த்தான். மலை மடிக்கு வந்தது. கை நடுங்கியதில் குதிக்கவும் செய்தது. பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த சிவப்புச் சேலை காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தது.

“பாய், இதுல செவப்பு செத்துக் கெடக்குதுங்க.”

நூர் பாஷா வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “முன்கண்ணாடில இருக்கற பூச்சே செவப்பைத் தின்னுடுது. இத்தன வருசத்துல சேலை பாக்கன்னு யாரும் வந்ததில்லீங்க.”

“எனக்கு எங்கக்கா சேலையத்தான் பாக்கணும்.”

அடுத்துக் கொடுத்தது கைக்கு அடக்கமானது. மலை அவ்வளவு கிட்டே வரவில்லை, ஆனால் ஆடாமல் நின்றது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அதையே வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பார்த்தால், பாறையில் சிவப்பு.

களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடிய வேகத்துக்குப் பள்ளத்து ஓடையே ஒதுங்கி வழிவிட்டது. மூச்சிரைக்கப் போய் நின்றால், ராமக்காள் சாவகாசமாக அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சுக்கா?”

“ஒன்னும் ஆவல. நீ தூரக்கண்ணாடி வாங்குனியாம், நேத்து சாயங்காலம் பஸ் கண்டக்டர் சொன்னான். தெரியுதான்னு பாத்தேன்.”

திட்டுவதற்கு மூச்சு மிச்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கழுத்திலிருந்ததை வாங்கி, அவள் தான் பிறந்த வீட்டைத் தேடினாள்.

“அம்மா வெச்ச பலா இன்னும் நிக்குதேடா.”

அப்புறம் கண்ணாடியை எடுக்காமலே சொன்னாள்: “கதவத் தெறந்து போட்டுட்டா வந்த? ஆடு உள்ள போவுது பாரு.”