காற்றுப் பட்ட சேறு

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அக்கா. அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தி, தையல் மெஷினை மிதித்து என்னைப் படிக்க வைத்தாள்.

கடலே இல்லாத மதுரையில் உட்கார்ந்து நான் ஆழ்கடல் சேற்றை ஆராய்கிறேன். அந்தச் சேற்றின் மேல்தோலில் மட்டும்தான் ஆக்சிஜன் இருக்கும். அங்கே அது பழுப்பு. கீழே போகப் போக நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, இரும்பையும் கந்தகத்தையும் வைத்துப் பிழைப்பை ஓட்டும், சேறு கறுத்துவிடும். அந்தக் கறுப்பில் காற்றுப் பட்டால் போதும், இரும்பு துருவாகும், உள்ளே கட்டுண்டிருந்த உலோகங்கள் இடம் மாறும். பிறகு என்ன செய்தாலும் பழைய சேறு திரும்பாது. அதனால் நைட்ரஜன் நிரப்பிய பையில் அடைத்து வைப்போம்.

ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் பழுதானதால் அப்படி ஒரு பையை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாள் மாலை வந்து பார்த்தால், மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து, கூழ்வத்தல் காயப்போடுவதுபோல் சேற்றைப் பரப்பியிருந்தாள். எல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

"கெட்டுப்போன மாவு பாக்கெட் கணக்கா உப்பிக் கெடந்துச்சுடி. வெட்டுனா ஒரே அழுகுன முட்ட நாத்தம். பாத்தா உன் கடல் மண்ணு. அம்புட்டுத் தூரத்துல இருந்து கொண்டாந்தத எப்படித் தூரப் போடுறது? காயவச்சா நாத்தம் போயிரும்னு..."

"உனக்கு என்ன தெரியும்? படிச்சிருந்தாத்தானே தெரியும்!"

யாருக்காகப் படிப்பை விட்டாள் என்பது, வாயை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

மன்னிப்புக் கேட்டேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சிரித்தாள், சாப்பிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு நான் கொண்டுவரும் எதையும் கேட்காமல் தொடமாட்டாள். மல்லிகைப் பூப் பொட்டலத்துக்குக்கூட, "தொறக்கலாமாடி?" என்பாள். "கிண்டல் பண்ணாதக்கா" என்பேன். அவள் கிண்டல் செய்யவில்லை.

இந்த வருடம் அதே சேற்றை மறுபடி எடுக்கக் கப்பலேறினேன். கிளம்பும் முன் போனில் அவளுக்கு ஒரு சேலை ஆர்டர் போட்டேன். சொல்லாமல் சேலை வந்து நின்றால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நினைப்பு. நான் நடுக்கடலில் இருக்கும்போது அவளுக்கு மாரடைப்பு. நான் கரை சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தையல் மெஷின்மேல் அந்தப் பொட்டலம் இருந்தது. என் பெயருக்கு வந்தது, டேப்கூடப் பிரிக்கவில்லை.

"பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானன்னு நாந்தேன் சொன்னேன்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். "அய்யய்யோ, அது அவ சாமான்ணே, காத்துப் பட்டா கெட்டுப்போயிரும், அவளே வந்து பிரிக்கட்டும்னுருச்சும்மா."

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினேன். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாத சேலை.