வேப்பிலைக் கம்புக்கு அப்பால்

எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கிவிட்டால் பெண்கள் பேச மாட்டார்கள். பேச முடியாது. பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்வித் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் எடுப்பார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும். பறியோடு அன்றைய குழம்பும் போய்விடும். கரையில் ஊரையே வாயால் உழுதுவிடுகிற என் அத்தை, அப்பாவின் அக்கா, தண்ணீரில் மட்டும் மௌனச் சாமியாராகிவிடுவாள். அவளோடு நானும் பறி கவ்வி இறங்கிய எட்டு வயதில் எனக்குக் கழிமுகத்தின்மேல் அவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மற்ற காரணங்கள், நீர் வற்றும் மதியங்களில் கண்டல் மர வேர்களுக்கிடையே சேறு தனக்குத்தானே முணுமுணுக்கும் சத்தம், தூரத்து உப்பளத்தின் கண்கூசும் வெண்மை, எங்களைப் பொருட்படுத்தாத நாரைகள்.

அந்த வருடம் அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எனக்குப் பிறகு வீட்டில் இரண்டு முறை தூளி கட்டி, இரண்டு முறை அவிழ்த்தார்கள் என்பது மட்டும் மங்கலாக நினைவிருந்தது. ஏன் அவிழ்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அம்மாவுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சியும் வெளியே வந்தது, மோரும் வெளியே வந்தது.

"இத்தப் பாரு, இவ துன்னாத்தான் இந்தப் புள்ளயாவது தங்கும்" என்று மருத்துவச்சி அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, நண்டுச் சாறு. ஆனால் அது மழை ஓய்ந்த சமயம். சினை நண்டுகள் முட்டையைச் சுமந்துகொண்டு கழிமுகத்தை விட்டுக் கடலுக்குப் போகிற நாட்கள். அவை போகும் வழியில், முகத்துவாரத்தை ஒட்டி, ஊரார் சவுக்குக் கம்புகளை நட்டு உச்சியில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். இலை உதிர்ந்து முடியும்வரை கம்புக்கு அப்பால் யாரும் வலை போடக் கூடாது. இப்பாலோ நண்டு அகப்படவில்லை. அப்பா மூன்று நாள் வெறுங்கையோடு வந்தார்.

நான் வக்கீல் வீட்டுப் பிள்ளைபோல் யோசித்தேன். வேப்பிலை கட்டியது வலைக்குத்தானே. என் வாயில் தொங்கும் பறிக்கு யார் கட்டினார்கள்?

அன்று மதியம் அத்தை குனிந்திருந்த நேரம் பார்த்துக் கம்புகளைத் தாண்டினேன். நீர் என் மார்புக்கு வந்தது. காலடியில் கல்லொன்று நகர்ந்தது. பறியை வாயிலிருந்து எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன். அதுவரை சேர்த்த இறாலெல்லாம் போயிற்று, விரலில் ரத்தம் வந்தது, ஆனால் நண்டு எனக்கு. அத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் நிறைந்த பறி. கீழே விட மனமில்லை. ஊருக்கே போதுமான வசவு மூக்கு வழியாக "ம்ம்ம், ம்ம்ம்" என்று வந்தது. அந்த இடைவெளியில் கரையேறி ஓடினேன்.

அம்மாவின் பாய்க்கு முன்னால் பறியைக் கொட்டினேன். நண்டு மல்லாந்து விழுந்தது. வயிற்று மடலுக்கடியில் முட்டை, செம்மஞ்சளாக, கேசரியை அப்பி வைத்ததுபோல் பொங்கியிருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள், இப்போது வாய் காலியாக. "கண்ணு அவிஞ்சா பூட்ச்சு உனுக்கு? அம்மாம் பெரிய கம்பு தெர்ல?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அம்மாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "செரி, வந்தது வந்துச்சி. ஒரு வாட்டிதான. ஊருக்கு யாரு சொல்லப் போறா? நான் இடிச்சி சாறு வெக்கிறேன், துன்னு."

நியாயம் பேசுவதில் ஊரிலேயே முதல் ஆள் அவள்.

"வாணாம் அண்ணி" என்றாள் அம்மா. "அதுவும் என்ன மாரி தூக்கிகினு கீது."

கையை ஊன்றி எழுந்தாள். நாங்கள் தடுத்தும் கேட்காமல் கழிமுகம்வரை நடந்து வந்தாள். அத்தையும் நானும் நீரில் இறங்கி, கம்புக்கு அப்பால் நண்டை விட்டோம். அது பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் கரைந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் பசிக்கா, என் விரலுக்கா என்று தெரியவில்லை.

அன்று பொழுது சாயும்போது அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். அது நின்றது. அத்தை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். மாசியில் தம்பி பிறந்தான். இன்று லாரி ஓட்டுகிறான். கழிமுகப் பாலத்தின்மேல் போகும்போது கீழே பார்க்க நேரமில்லை என்கிறான். பார்க்கவும் அதிகமில்லை. நீர் கறுத்துவிட்டது, வேப்பிலை கட்ட யாரும் வருவதில்லை. நான்தான் அவ்வப்போது போய் நின்று, அந்த மதியத்தைத் தேடிவிட்டு வருகிறேன்.

அன்று நண்டை விட்டுவிட்டுக் கரையேறியபோது அம்மா எங்களைப் பார்த்து நிற்கவில்லை. கரையோரத் தாழம்புதரின் பக்கம் திரும்பியிருந்தாள். அவ்வளவு தூரம் நடந்து வந்து நண்டைப் பார்க்காமல் என்ன நிழல் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். அருகே போனேன். மணலில் முழ நீளத்துக்கு இரண்டு மேடுகள், சுற்றிலும் சிப்பி பதித்திருந்தது. யாரோ பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்லதாக ஒரு சிப்பியைப் பொறுக்கி எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, குனிய முடியாமல் குனிந்து, இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். இன்று நான் எதை எடுத்தாலும் திரும்ப வைக்கச் சொல்கிறார்களே என்று, வீடு சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.